இடப்பக்கக் குழி

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் கைராசி. வாசல் காவலாளியிலிருந்து கதாநாயகன் வரை எல்லாருக்கும் அப்படித்தான். புதிதாக வந்தவர்கள் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேலை என்றால் தொப்பிதான். ஒற்றன் படங்களில் ஒற்றன் போட்டுக்கொண்டு வரும் தொப்பிகளுக்கு அவள் பொறுப்பு. உடுப்பு அறைக்குப் பின்னால், முன்பு காலிப் பெட்டிகள் போட்டு வைத்திருந்த நீளமான அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. வெயில் பட்டால் தொப்பி வெளுத்துவிடும் என்று அதையும் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கத் தொப்பி. நகரத்துத் தெருக்களில் நடப்பதற்குச் சாம்பல் நிறம். துறைமுகத்தில் பதுங்குவதற்குக் கறுப்பு. கடற்கரையில் பணக்காரனாக வேஷம் போடுவதற்கு வெள்ளை. படமோ கறுப்பு வெள்ளை. அதற்கு எதற்கு இத்தனை சாயம் என்று இஸ்திரிக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒரே தொப்பியிலும் பல பிரதிகள் இருந்தன. சண்டைக்காரர் போடுவதில் உள்ளே ரப்பர் பட்டை தைத்திருக்கும். அவர் எத்தனை குட்டிக்கரணம் அடித்தாலும் கழலாது. காற்றில் பறக்க வேண்டியதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நூல் இருக்கும். குண்டு துளைத்த தொப்பியின் ஓட்டையை அவளே கத்தரியால் வெட்டி, தீக்குச்சியால் ஓரத்தைக் கருக்கியிருந்தாள். தொப்பிகளை மாட்டிப் பார்க்க மேஜைமேல் ஒரு மரத்தலை உண்டு. மரமண்டை என்று அதற்குப் பெயர். வேலைக்காரர்கள் யாராவது சொதப்பினால், “நீ போய் அங்க நில்லு, அதை வேலைக்கு வெச்சுக்கறேன்” என்று டிரஸ் மாஸ்டர் மரமண்டையைக் காட்டுவார்.

இந்த அறைக்கு அவள் வந்து சேர்ந்தது ஒரு தப்பினால்தான். முதல் ஒற்றன் படம் எடுத்தபோது அவள் தையல் பகுதியில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து வந்த தொப்பி கவிழ்த்த பானை மாதிரி உருண்டையாக இருந்தது. மாஸ்டர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தை அவள் முன்னால் போட்டு, ஆவி காட்டி இந்த மாதிரி முன்பக்கம் இரண்டு குழி போடு என்று சொல்லிவிட்டு ஓடினார். அவள் கெட்டில் மூக்கில் தொப்பியைப் பிடித்தாள். கம்பளி இளகியதும் அதன் முன்பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, உச்சியைக் கிள்ளினாள். கிள்ளியது இடது கையால். ஆழமான பெருவிரல் குழி வலப்பக்கம் விழ வேண்டியது, இடப்பக்கம் விழுந்துவிட்டது.

சின்ன வயதில் அந்தக் கைக்காக அவள் வாங்காத அடி இல்லை. வீட்டில் அடித்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் முட்டியில் அடித்தார்கள். அதற்குப் பயந்தே அவள் சீக்கிரம் படிப்பை விட்டாள். அன்றைக்கு மாஸ்டரும் பீச்சாங்கை என்று திட்டிக்கொண்டே தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனார். திருத்த நேரமில்லை. கதாநாயகன் அதையே போட்டுக்கொண்டு நின்றார். விளக்கு இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. குழிக்குள் நிழல் தேங்கி நின்றதைப் பார்த்து காமிராக்காரர் “அட” என்றார். நடந்தது அவ்வளவுதான்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. அதற்கு முன் அந்தக் கதாநாயகன் நடித்த படங்களெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போனவை. தெருவில் பையன்கள் தொப்பி வாங்கி இடப்பக்கம் குழித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒற்றனின் சேஷ்டைகள் அவர்களுக்கு மனப்பாடம். யாரையாவது பின்தொடரும்போது தொப்பி சற்றுப் பின்னால் ஏறியிருக்கும். பொய் சொல்லப் போகிறான் என்றால் ஒற்றை விரலால் விளிம்பைக் கண்ணுக்குமேல் இழுத்துவிடுவான். அந்த விரல் எழும்போதே கொட்டகையில், “புளுகப் போறான்டா” என்று சிரிப்பு கிளம்பிவிடும்.

இரண்டாவது படத்துக்கு, போன தடவை குழி போட்ட பெண்ணே போடட்டும் என்று கதாநாயகன் சொல்லியனுப்பினார். அதுவும் ஓடியது. மூன்றாவதற்கு, போட்டவளே கையில் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றார். பிறகு தினமும் காலையில் அவள்தான் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. ஒரு நாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அன்றைக்குப் படப்பிடிப்பில் ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அதோடு முடிவாகிவிட்டது. ஸ்டுடியோ மதிலுக்குள்ளேயே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் கைராசி வெளியே போகக்கூடாது என்று காவலாளியிடமும் சொல்லி வைத்தார்கள். அவர் நல்ல மனுஷர். அவள் வாசல் பக்கம் நடந்து வந்தால், சங்கடத்தோடு தன் செருப்பைப் பார்த்துக்கொள்வார்.

கதாநாயகனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. பயந்த மனுஷர். தொப்பி இல்லாமல் கடைவீதியில் நடந்தபோது ஒருவருக்கும் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு தடவை அவளிடமே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் தொப்பி இல்லாமல் வெளியே போனதை அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். கட்டியவன் வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். பால் மறந்த கையோடு குழந்தையை அக்கா வீட்டில் விட்டாள். இந்த ஒரு படம் முடியட்டும், வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றாள். படம் முடிந்தது, அடுத்த படம் ஆரம்பித்தது. அப்புறம் அதற்கு அடுத்தது.

அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவர்கள் இவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். அவர்களோடு வளர்ந்த குழந்தையும் சித்தி என்றே கூப்பிட்டது. அக்காவை அம்மா என்றது. அக்கா எத்தனையோ முறை திருத்திப் பார்த்தாள். இதுதான் உன் அம்மா என்று முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். குழந்தைக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் வாய் பழகியது பழகியதுதான். அக்காவிடம், “நீ வா, நீ சொல்லு” என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறவள், எப்போதாவது போய் நிற்கும் இவளைப் பார்த்தால், “வாங்க சித்தி, உக்காருங்க” என்பாள். அந்த ‘ங்க’ அவள் காதில் போய்க் குத்தும். பெற்ற பெண்ணிடம் மரியாதை வாங்கிக்கொண்டு உட்காருகிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு முறை தப்பிக்கப் பார்த்தாள். கையில் ராசி இல்லை என்று காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு யோசனை. புதுப் படத்துக்குத் தொப்பி வந்ததும் இஸ்திரிக்காரரிடம் கொடுத்து நீங்களே குழி போடுங்கள் என்றாள். அவருக்கு இடது கை வராது. தொப்பியின் முன்பக்கம் அந்தப் பக்கம் பார்க்கும்படித் திருப்பி, பின்னாலிருந்து வலது கையால் ஒரு கிள்ளு கிள்ளினார். பெருவிரல் குழி இடப்பக்கமே அழகாக விழுந்தது. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திருப்பிப் பிடித்தால் போதும். இதற்கா இத்தனை வருஷம்?

அந்தப் படம் முந்தைய எல்லாவற்றையும்விட நன்றாக ஓடியது. அவள் மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

“யாருக்கும்மா குல்லா போடுற?” என்றார் மாஸ்டர். “அதுவும் தொப்பி அறையில இருந்துக்கிட்டு.”

“சத்தியமா நான் போடல மாஸ்டர். அவரைக் கேட்டுப் பாருங்க.”

மாஸ்டர் கேட்டார். இஸ்திரிக்காரர் ஒப்புக்கொண்டார். செய்தி கதாநாயகன் காதுக்குப் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, இனிமேல் இரண்டு பேருமே வேண்டும் என்றார். இஸ்திரிக்காரருக்கு வேறு ஸ்டுடியோவில் நல்ல இடம் தயாராக இருந்தது. அது போயிற்று. ஒரு படம் முடிகிற வரை அவர் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், “இந்த மரமண்டைகிட்ட போய் நியாயம் கேட்டியே” என்றார். எந்த மரமண்டையைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

அக்காவின் கணவருக்கு மாற்றல் வந்தது. நினைத்தால் போய்வரக்கூடிய ஊர் இல்லை. ரயில் மாறி ரயில் மாறிப் போக வேண்டிய தூரம். பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்புகிறோம், உன் பெண்ணை வைத்துக்கொள்கிறாயா, எங்களோடு அனுப்புகிறாயா என்று அக்கா கேட்டனுப்பினாள். இப்போது போனால் பிறகு அவள் உன்னிடம் ஒட்டமாட்டாள் என்றும் சொல்லியனுப்பினாள். அக்கா எதையும் மென்று விழுங்குகிறவள் அல்ல.

அவள் மாஸ்டரிடம் போய் நின்றாள். தொட்டிப் பக்கத்து அறையில் குழந்தையை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள். வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான் என்று மாஸ்டருக்கும் தோன்றியிருக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்துப் பக்கம் வராமல் பார்த்துக்கொள் என்று தலையாட்டினார். அறையின் ஒரு மூலையை ஒழித்தாள். வீணாய்ப்போன கோட்டுகளின் உள்துணியை எடுத்துச் சின்னதாக ஒரு தலையணை தைத்தாள். காவலாளி விசாரித்துப் பக்கத்துத் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னார். மதிலுக்குள் இருந்தாலும் குழந்தை வந்துவிட்டால் மதில் அவ்வளவு உயரமாகத் தெரியாது என்று அவள் நினைத்தாள்.

அக்கா குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்த நாள், புதுப் படத்துக்குத் தொப்பிகள் வந்து இறங்கியிருந்தன. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கத்து அறைக்குப் போவதற்கு முன், கொஞ்ச நேரம் தொப்பி அறையில் உட்காரச் சொன்னாள். அது அவள் செய்த பிசகு. ஆனால் தன் இடத்தைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் இருக்காது?

“வாங்க சித்தி” என்றாள் குழந்தை. வந்தது குழந்தைதான். இருந்தாலும் பழக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

அக்காவும் தங்கையும் துணிமணி, பள்ளிக்கூடம், ராத்திரி பயந்தால் விளக்கை அணைக்கக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தை தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு போனாள். குண்டு துளைத்த தொப்பிக்குள் விரலை விட்டு ஆட்டினாள். மேஜையில், ஆவி காட்டி வைத்திருந்த சாம்பல் தொப்பி ஒன்று மரமண்டையின்மேல் உருண்டையாக இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறினாள். தொப்பிக்கு நேர் எதிரே நின்று, ஒரு கையால் உச்சியைக் கிள்ளினாள்.

இடது கை.

பெருவிரல் குழி சின்னதாக, ஆழமாக, இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. இவளுக்கும் தன்னைப் போல இடது கைதான் என்று அதுவரை தாய்க்குத் தெரியாது. எப்போதோ ஒரு நாள் போய், மரியாதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு எப்படித் தெரியும்?

“யாரு இந்தப் பாப்பா?”

கதாநாயகன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மாஸ்டர். புதுத் தொப்பிகளைப் பார்க்க வந்திருந்தார்கள். கதாநாயகன் நேராக மேஜைக்கு வந்து அந்தத் தொப்பியை எடுத்தார். விரலைக் குழியில் வைத்துப் பார்த்தார். தலையில் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். அந்த முகத்தை அவள் அறிவாள். முதல் படம் ஓடிய சமயம் அவளைப் பார்த்தபோது அந்த முகம் அப்படித்தான் இருந்தது.

“மாஸ்டர், பாத்தீங்களா? அதே குழி. நானே யோசிச்சுக்கிட்டிருந்தேன், இந்த அம்மாவுக்கும் வயசாகுதே, அப்புறம் யாருன்னு.” குனிந்து குழந்தையின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். “ரத்தத்துல வருது பாருங்க. உன் பொண்ணாம்மா?”

கெட்டில் மூடி தடதடத்தது. அவள் குழந்தையின் கையைப் பார்த்தாள். கதாநாயகனின் கைக்குள் அது முழுசாக மறைந்திருந்தது. பலகை அடித்த ஜன்னலுக்கு அடியில், தான் இருக்கும் இதே ஸ்டூலில், தன் வயதில் இவள் உட்கார்ந்திருப்பதை ஒரு நொடியில் பார்த்துவிட்டாள். அங்கே அக்காவோடு போனால் வேறு யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, தூரமாக, ஆனால் நினைத்த தெருவில் நடந்துகொண்டு இருப்பாள். தனக்கு இல்லாமல் போய்விடுவாள். இரண்டில் ஒன்றுதான்.

ஒற்றனாக இருந்தால் விளிம்பைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டிருப்பான். அவள் தலையில் தொப்பி இல்லை. அவர் கண்ணைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

“இல்லைங்க சார். அக்கா பொண்ணு. இன்னிக்கே ஊருக்குக் கிளம்புறாங்க.”

அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மென்று விழுங்காத அக்கா அன்றைக்கு விழுங்கினாள். “ஆமாங்க. என் பொண்ணுதான்” என்று குழந்தையின் மறு கையைப் பிடித்தாள்.

கதாநாயகன் நம்பியும் நம்பாமலும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். கதாநாயகனைக் கேட்காமல் அனுமதி கொடுத்தவரே அவர்தான். இனி வாய் தவறினால் அவர் பிழைப்புக்கும் ஆபத்து. அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“அக்கா பொண்ணுதான் சார். இந்தம்மாவுக்கு ஏது குழந்தை” என்றார்.

கதாநாயகன் மெல்லக் கையை விட்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஊருக்குப் போகிற குழந்தைக்கு என்று மிட்டாய் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். போகும்போது அந்தத் தொப்பியை அவளிடம் நீட்டி, இதை அழித்து நீயே ஒரு தடவை போட்டுவிடு என்றார்.

குழந்தை ஸ்டூலிலிருந்து இறங்கினாள். சொன்னவளைப் பார்த்தாள், ஆமாம் என்றவளைப் பார்த்தாள், மறுபடியும் சொன்னவளைப் பார்த்தாள்.

குழந்தைக்கென்று தைத்த தலையணையை எடுத்துக் கொடுக்கலாமா என்று தாய் யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். வாசல்வரை கூட வந்தாள். காவலாளி சின்னக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா, “சமயம் பாத்துக் கூட்டிட்டு வரேன்டி” என்று சொல்லிவிட்டு, அது நடக்காது என்று தெரிந்தவளாக முதலில் தெருவில் இறங்கினாள். குழந்தை கதவுக்கு உள்பக்கமே நின்றாள். மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்காமல் இடது கையில் இருந்தது.

“ஏன் அப்படிச் சொன்ன?” என்றாள்.

கேட்ட கேள்வி அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால் அது முடிந்த விதம்தான் காதில் விழுந்தது. ‘சொன்னீங்க’ இல்லை. ‘சொன்ன’. அக்காவிடம் கோபித்துக்கொள்ளும்போது அவள் பேசுகிற மாதிரி, ‘ங்க’ எங்கோ விழுந்து போயிருந்தது.

பதில் சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து யாரோ கைராசி, கைராசி என்று கத்திக்கொண்டு வந்தார்கள். தொப்பி தயாரா என்று சார் கேட்கிறாராம்.

“அப்புறம் சொல்றேன். நீ போ, அக்கா நிக்கறா பாரு” என்றாள்.

“அப்புறம்னா எப்போ?” என்றாள் மகள். அதிலும் ‘ங்க’ இல்லை. பதிலுக்காக நிற்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

காவலாளி கதவைச் சாத்தாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அவரும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் திருப்பத்தில் மறைந்த பிறகு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, “உள்ள தேடுறாங்கம்மா” என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். அறையில் கெட்டில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் கிள்ளிய தொப்பியைத் தட்டின் கடைசியில், குண்டு துளைத்ததற்குப் பின்னால் தள்ளி வைத்தாள். புதுசாக ஒன்றை எடுத்து ஆவியில் காட்டி, இடது கையால் கிள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.